இறக்கத்தில் இளைக்கும் குதிரைத்திறன்

2003ஆம் ஆண்டு பிப்ரவரியில், பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக ஜப்பானில் ஒரு கார் பந்தய விளையாட்டு வெளிவந்தது. பெயர் ‘கைடோ பேட்டில்’. உருவாக்கியது கென்கி நிறுவனம். நிக்கோ, ஹருனா, ரொக்கோ, ஹகோனே என்று ஜப்பானின் நான்கு மலைப் பகுதிகளின் பெயர்களைத் தலைப்பிலேயே தாங்கி வந்த அந்த விளையாட்டில், அகலமான பந்தயத் தடம் கிடையாது. வரிசையாக இருபது கார்கள் உறுமிக்கொண்டு நிற்பதும் கிடையாது. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் தடுப்புக் கம்பி, நடுவே குறுகலான சாலை, அதில் ஒன்றையொன்று துரத்தும் இரண்டு கார்கள். அவ்வளவுதான். உலகச் சந்தையைப் பிடித்த பெரிய பந்தய விளையாட்டுகளின் வரிசையில் இது இடம்பெறவில்லை. மலைப்பாதைப் பந்தயத்தில் மோகம் கொண்ட சிறு வட்டமே இதை இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அந்தப் பெரிய விளையாட்டுகள் கேட்காமல் விட்ட ஓர் இயற்பியல் கேள்வியை இது கேட்டது: ஒரு கார் வேகமானதா இல்லையா என்பதைக் காரை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? முடியாது என்பதே விடை. வேகம் காரின் தனிச் சொத்தாக இருப்பதில்லை. காரும் சாலையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. இதை எண்களைக் கொண்டே காட்டிவிடலாம்.

முதலில் களத்தைப் பார்ப்போம். ஜப்பானின் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு மலை. ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால் கணவாய் ஏறித்தான் இறங்க வேண்டும். இந்தக் கணவாய்ச் சாலைகளை ஜப்பானியர் டோகே என்கிறார்கள். நிக்கோவில் உள்ள இரோஹாசகா இவற்றில் பேர்போனது. 1954இல் திறக்கப்பட்ட முதல் சாலையும் 1965இல் திறக்கப்பட்ட இரண்டாம் சாலையும் இன்று ஒருவழிப் பாதைகள். பழைய சாலையில் இறங்க வேண்டும். அதில் 28 வளைவுகள். புதிய சாலையில் ஏற வேண்டும். அதில் 20 வளைவுகள். மேலுக்கும் கீழுக்கும் உயர வித்தியாசம் சுமார் 440 மீட்டர். ஏறுவதும் இறங்குவதும் வேறு வேறு வேலைகள் என்பதைச் சாலையே பிரித்துக் காட்டும் இடம் இது. 1970களில் குனிமிட்சு தகஹாஷி என்ற பந்தய வீரர் காரைச் சறுக்கவிட்டே வளைவுகளைக் கடக்கும் பாணியைத் தடங்களில் பிரபலமாக்கினார். அவரைப் பார்த்து வளர்ந்த கெய்ச்சி சுச்சியா அதை மலைப்பாதைகளில் பழகி, ‘டிரிஃப்ட் கிங்’ என்று பெயர் எடுத்தார். 1995இல் ஷுய்ச்சி ஷிகெனோ தொடங்கிய ‘இனிஷியல் டி’ சித்திரத் தொடர், ஹருனா மலையை அகினா என்ற கற்பனைப் பெயரில் தன் களமாக்கி, டோகே பந்தயத்தை ஜப்பானுக்கு வெளியேயும் கொண்டுசென்றது. 2013 வரை ஓடிய அந்தத் தொடரின் நாயகன் ஓட்டுவது டொயோட்டாவின் ஏஇ86. அதன் இன்ஜின் 130 குதிரைத்திறன்தான். ஆனால் இறக்கத்தில் அவன் 280 குதிரைத்திறன் கொண்ட நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆரையும் வென்றுவிடுவான்.

இது கதாசிரியர் தன் நாயகனுக்குக் காட்டிய சலுகையா, இயற்பியலில் இதற்கு இடம் உண்டா? இந்த வழக்கைத் தீர்க்கக் ‘கைடோ பேட்டில்’ போன்ற விளையாட்டு உண்மையிலேயே உதவும். மெய்யான மலையில் இதைச் சோதிப்பது கடினம். பொதுச் சாலையில் அப்படிச் சோதிப்பது குற்றமும்கூட. ஓட்டுநர் மாறுவார், டயர் தேயும், இரவில் பனி இறங்கும், எதிரே லாரி வரும். எதனால் நேரம் கூடியது, எதனால் குறைந்தது என்று பிரித்துச் சொல்ல வழியிருக்காது. விளையாட்டில் சாலை மாறுவதில்லை. அதே காரை அதே மலையில் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓட்டலாம். ஒரே ஒரு அம்சத்தை மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அறிவியல் சோதனை என்று நாம் சொல்வதன் அடிப்படையே இதுதான். இப்படி ஓட்டிப் பார்ப்பவர் சீக்கிரமே ஒன்றைக் கவனிப்பார். அகலமான தடத்தில் தன் காரை எளிதாகத் தூக்கிச் சாப்பிடும் எதிராளியின் கார், நெருக்கமான வளைவுகள் கொண்ட இறக்கத்தில் அதை உதற முடியாமல் திணறுகிறது. இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பிரிப்போம்.

வளைவிலிருந்து தொடங்கலாம். கார் திரும்ப வேண்டுமானால் வளைவின் மையத்தை நோக்கி அதை இழுக்க ஒரு விசை வேண்டும். சமமான தார்ச்சாலையில் அந்த விசையைத் தருவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு ஒன்றே. உராய்வுக் கெழுவை 0.9 என்றும், கொண்டை ஊசி வளைவின் ஆரத்தை 12 மீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், சறுக்காமல் போகக்கூடிய உச்ச வேகம் மணிக்கு சுமார் 37 கி.மீ. இந்தக் கணக்கில் காரின் எடை எங்குமே வராது. எடை கூடினால் தேவைப்படும் விசை கூடும். கிடைக்கும் உராய்வும் அதே அளவு கூடும். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். இன்ஜினின் திறனும் இதில் வராது. ஆக, கொண்டை ஊசி வளைவில் 130 குதிரைத்திறன் காரும் 280 குதிரைத்திறன் காரும், முதல் கணக்கில், சரிசமம். ஒரு மலைப்பாதையில் வளைவுகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றனவோ, அந்த அளவுக்குப் பயண நேரத்தின் பெரும்பங்கு இந்தச் சமநிலையிலேயே கழிந்துவிடுகிறது.

மிச்சம் இருப்பது வளைவுகளுக்கு இடைப்பட்ட நேர்ச்சாலைகள். திறன் வேலை செய்யும் இடம் அதுதான். ஆனால் அங்கேயும் திறனுக்கு நாம் நினைக்கும் மதிப்பு இல்லை. ஒரே சீரான திறனில் ஓடும் கார், நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் குறிப்பிட்ட தூரத்தைக் கடக்கும்போது எட்டியிருக்கும் வேகம், அதன் திறனின் கனமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். திறனை இரட்டித்தால் வேகம் 26 சதவீதம்தான் கூடும். வேகம் இரு மடங்காக வேண்டுமென்றால் திறன் எட்டு மடங்காக வேண்டும். இதற்குக் காரணம் எளிது. இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடியில் உயர்கிறது. போதாக்குறைக்கு, வேகமான கார் அதே தூரத்தை விரைவாகக் கடந்துவிடுவதால் அதன் இன்ஜின் வேலை செய்யக் கிடைக்கும் நேரமும் சுருங்கிவிடுகிறது. ஃபூஜி பந்தயத் தடத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீள நேர்ச்சாலை இருக்கிறது. அங்கே சின்ன வேக வித்தியாசம்கூட நீடித்து நின்று பல விநாடிகளாகச் சேரும். மலைப்பாதையின் நேர்ச்சாலை நூறு மீட்டரில் முடிந்துவிடும். வித்தியாசம் சேர்வதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும்.

இரண்டு உண்மையான கார்களைக் கொண்டு ஒரு தோராயக் கணக்கு போடலாம். ஏஇ86 ஏறத்தாழ 940 கிலோ எடை. ஓட்டுநரையும் சேர்த்து ஓராயிரம் என்று வைத்துக்கொள்வோம். 1989இல் வந்த ஆர்32 ஜிடி-ஆர் 1,430 கிலோ, ஓட்டுநருடன் 1,500. அதன் 280 குதிரைத்திறனுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அந்த அளவைத் தாண்டி அறிவிப்பதில்லை என்று ஜப்பானியக் கார் நிறுவனங்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு 2004 வரை நீடித்தது. கிலோவுக்கு எத்தனை வாட் என்று பார்த்தால் ஏஇ86க்கு 96, ஜிடி-ஆருக்கு 137. அதாவது ஜிடி-ஆர் 43 சதவீதம் மேல். இரண்டும் 12 மீட்டர் ஆர வளைவிலிருந்து வெளியேறி, 95 மீட்டர் நேர்ச்சாலையில் முடுக்கி, அடுத்த வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கின்றன. இழப்புகளைக் கழித்துவிட்டு, சரிவைச் சேர்த்துக்கொள்கிறோம். ஏஇ86 எட்டும் உச்சம் மணிக்கு சுமார் 90 கி.மீ.; ஜிடி-ஆர் சுமார் 97. அந்த 97ஐ இறக்க ஜிடி-ஆர் சுமார் ஆறு மீட்டர் முன்னதாகவே பிரேக்கில் கால் வைக்க வேண்டியிருக்கும். நேர்ச்சாலையைக் கடக்க ஒன்றுக்கு 5.2 விநாடி, மற்றதற்கு 4.9. வளைவில் இரண்டுக்கும் 3.7. இப்படி இருபது வளைவு இறங்கினால் மூன்று நிமிடப் பயணத்தில் வித்தியாசம் ஆறு விநாடி. 43 சதவீத அனுகூலம் சுருங்கிச் சுருங்கி மூன்றரைச் சதவீதத்துக்குள் வந்து நிற்கிறது. அந்த மூன்றரையும் ஜிடி-ஆருக்குச் சாதகமாகப் போட்ட கணக்கு. இன்னும் அதிலிருந்து கழிக்க வேண்டியவை இருக்கின்றன.

அதற்கு முன் பரவலான ஒரு நம்பிக்கையைத் திருத்த வேண்டும். இறக்கத்தில் புவியீர்ப்பு இலேசான காருக்குத்தான் உதவுகிறது என்று பலர் சொல்வார்கள். அது சரியில்லை. ஏழு சதவீதச் சரிவில் புவியீர்ப்பு எல்லாக் கார்களுக்கும் ஒரே முடுக்கத்தைத்தான் தருகிறது. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் அது கிலோவுக்கு சுமார் 14 வாட். இறக்கத்தில் இந்த 14ஐ இரண்டு கார்களுக்கும் கூட்டினால் 110, 151. ஏற்றத்தில் கழித்தால் 82, 123. ஏற்றத்தில் ஜிடி-ஆரின் அனுகூலம் 50 சதவீதமாகிறது, சமதளத்தில் 43, இறக்கத்தில் 37. எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கும் உதவி, ஏற்கெனவே அதிகம் வைத்திருப்பவரின் முன்னிலையைச் சற்றே குறைக்கிறது. அவ்வளவுதான் அதன் பங்கு. இறக்கம் உண்மையில் புரட்டிப் போடுவது பிரேக் பிடிக்கும் நேரத்தைத்தான். அதே ஏழு சதவீதச் சரிவில், மேலே ஏறும் கார் நிற்க எடுத்துக்கொள்ளும் தூரத்தைவிடக் கீழே இறங்கும் கார் எடுத்துக்கொள்ளும் தூரம் சுமார் 17 சதவீதம் அதிகம். ஏற்றத்தில் புவியீர்ப்பே ஒரு பிரேக். இறக்கத்தில் அது பிரேக்குக்கு எதிராளி.

பிரேக்கிலிருந்து பிறக்கும் சூட்டைக் கவனித்தால்தான் இறக்கத்தின் முழுக் குணமும் தெரியும். பிரேக் வேகத்தை அழிப்பதில்லை, வெப்பமாக மாற்றுகிறது. 90இலிருந்து 37க்கு இறங்க ஏஇ86 கரைக்க வேண்டிய இயக்க ஆற்றல் ஏறத்தாழ 260 கிலோஜூல். 97இலிருந்து இறங்க ஜிடி-ஆர் கரைப்பது சுமார் 460. இதில் எழுபது சதவீதம் முன் சக்கரங்களின் இரண்டு டிஸ்குகளுக்குப் போகிறது என்றும், ஏஇ86இல் அவற்றின் மொத்த எடை 10 கிலோ என்றும் வைத்துக்கொண்டால், ஒரே ஒரு வளைவுக்கு டிஸ்கின் வெப்பநிலை 40 டிகிரி ஏறும். ஜிடி-ஆருக்கு இன்னும் கனமான, 14 கிலோ டிஸ்குகளைக் கொடுத்தாலும் 50 டிகிரி ஏறும். பந்தயத் தடத்தில் நீண்ட நேர்ச்சாலை வந்து காற்று அதைக் குளிர்வித்துவிடும். மலையிலோ ஒன்பது விநாடிக்கு ஒரு வளைவு. குளிர்வதற்குள் அடுத்த 50 டிகிரி வந்து சேர்கிறது. பிரேக் பேடுகளின் கலவையைப் பிணைத்து வைத்திருக்கும் ரெசின் சூடேறி வாயுவைக் கக்கும்போது பேடின் பிடிப்பு குறைகிறது. அதைவிட ஆபத்தானது பிரேக் திரவம் கொதிப்பது. டாட்-3 வகைத் திரவத்தின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழசான பிறகு அதற்கு விதி கேட்கும் அளவு 140தான். திரவம் கொதித்துக் குழாய்க்குள் ஆவிக்குமிழி உண்டானால், பெடலை மிதிக்கும்போது கால் அந்தக் குமிழியைத்தான் நசுக்கும். விசை சக்கரத்துக்குப் போய்ச் சேராது. இலேசான கார் இந்த எல்லையைத் தாமதமாகத் தொடுகிறது. கனமான, திறன் மிக்க கார் தன் திறனைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த எல்லையை நெருங்குகிறது. திறனை இரட்டித்தால் வேகம் 26 சதவீதம்தான் கூடும் என்று பார்த்தோம். ஆனால் கரைக்க வேண்டிய ஆற்றல் 59 சதவீதம் கூடிவிடும். இறக்கத்தில் திறன் சம்பாதிப்பதைவிடச் செலவு வைப்பது அதிகம்.

அடுத்தது டயர். உராய்வு எடைக்கு நேர்விகிதத்தில் கூடும் என்ற பாடப்புத்தக விதி ரப்பருக்கு முழுமையாகப் பொருந்தாது. டயரின் மேல் சுமை ஏற ஏற உராய்வுக் கெழு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அகலமான டயர் இதை ஈடுகட்டும், ஆனால் ஓரளவுக்குத்தான். ஏஇ86இன் டயர் அகலம் 185 மில்லிமீட்டர், ஆர்32 ஜிடி-ஆரின் டயர் 225. அகலம் 22 சதவீதம் கூடியிருக்கிறது. எடையோ 52 சதவீதம் கூடியிருக்கிறது. ஒவ்வொரு மில்லிமீட்டர் ரப்பரும் கால் பங்கு அதிகச் சுமையைத் தாங்குகிறது. இதனால் கனமான காரின் உராய்வுக் கெழு ஐந்து சதவீதம் குறைந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். வளைவில் ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்கு போகும். பிரேக் பிடிக்கையில் அதைவிடச் சற்றுக் குறைவாகப் போகும். முன்னே கணக்கிட்ட 0.3 விநாடி முன்னிலையில் பாதி கரைந்துவிட்டது. வளைவுக்குள் பிரேக் பிடித்தபடியே திரும்ப முயன்றால் நிலைமை இன்னும் மோசம். டயரின் பிடிப்பு மாதச் சம்பளம் போன்றது. பிரேக்குக்குச் செலவழித்தது போக மீதிதான் திரும்புவதற்கு. இறக்கத்தில் புவியீர்ப்பு அந்தச் சம்பளத்தில் முதல் தவணையை எடுத்துக்கொண்டு விடுகிறது.

வளைவிலிருந்து வெளியேறும் கணத்தை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். மணிக்கு 37 கி.மீ. வேகத்தில் ஏஇ86இன் முழுத் திறனும் சக்கரத்தில் இறங்கினால், அது காரின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமான தள்ளுவிசை. இரண்டு பின்சக்கரங்களால் அவ்வளவைச் சாலைக்குக் கடத்த முடியாது. தோராயமாக எடையில் பாதியளவுதான் முடியும். ஆகவே சுமார் 60 கி.மீ. வேகத்தை எட்டும்வரை 130 குதிரைத்திறனே அதற்கு மிகை. பின்சக்கரங்களால் மட்டும் ஓடும் 280 குதிரைத்திறன் காருக்கு இந்த எல்லை 80ஐத் தாண்டும். அதாவது நூறு மீட்டர் நேர்ச்சாலையின் பெரும்பகுதியில் அதன் கூடுதல் திறன் வேலையே செய்யாது. ஜிடி-ஆர் இந்த இடத்தில் நிஜமாகவே முந்திக்கொள்கிறது. அதற்குக் காரணம் நான்கு சக்கரங்களுக்கும் திறனைப் பகிர்ந்தளிக்கும் அதன் அமைப்பு. மலையில் அதன் பலம் இன்ஜினைவிட அந்தப் பகிர்வில்தான் அதிகம் இருக்கிறது. பிடிப்பைக் கூட்டுவதே இறக்கத்தில் பலன் தரும் என்ற வாதத்துக்கு ஜிடி-ஆரே சாட்சி சொல்கிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள பைக்ஸ் பீக் மலையில் ஆண்டுதோறும் நடக்கும் பந்தயத்தில் 156 வளைவுகள், ஏறத்தாழ 20 கி.மீ. தூரம். 2018இல் ரோமன் டுமாஸ் என்ற பிரெஞ்சு வீரர் 680 குதிரைத்திறன் கொண்ட ஃபோக்ஸ்வாகன் மின்காரில் அதை 7 நிமிடம் 57 விநாடியில் முடித்துச் சாதனை படைத்தார். எட்டு நிமிடத்துக்குள் அங்கே யாரும் அதுவரை ஏறியதில்லை. அத்தனை வளைவு இருந்தும் திறன்தானே வென்றது என்று கேட்கலாம். வென்றது உண்மை. ஆனால் அது முழுக்க ஏற்றம். கீழிருந்து மேலே 1,440 மீட்டர் ஏற வேண்டும். ஏற்றத்தில் திறனின் அனுகூலம் பெருகுகிறது, பிரேக்கின் வேலை குறைகிறது என்று மேலே பார்த்த கணக்கு அப்படியே அங்கே பொருந்துகிறது. தவிர, அந்தக் கார் 1,100 கிலோவுக்கும் குறைவு. பெரிய இறக்கைகள் காற்றழுத்தத்தால் அதைச் சாலையோடு அழுத்தின. எடை கூட்டாமல் பிடிப்பைக் கூட்டும் வழி அது. மேலே போகப் போகக் காற்று மெலிந்து பெட்ரோல் இன்ஜின்கள் மூச்சு வாங்கும் இடத்தில் மின்மோட்டார் தளரவில்லை. இந்த எடுத்துக்காட்டு என் வாதத்தை உடைப்பதற்குப் பதிலாக அதன் எல்லையைத் துல்லியமாக வரைந்து தருகிறது. ‘இலேசான கார்தான் வேகமானது’ என்று நான் சொல்லவில்லை. எந்தச் சாலை, எந்தத் திசை என்று கேட்காமல் வேகத்தைப் பற்றிப் பேச முடியாது என்கிறேன்.

இன்னொரு மறுப்பு டிரிஃப்டைப் பற்றியது. டோகே என்றாலே பின்சக்கரம் சறுக்கிப் புகை கிளம்பும் காட்சிதான் நினைவுக்கு வருகிறது. அந்தச் சறுக்கல்தான் இலேசான காரின் வெற்றி ரகசியம் என்பார்கள் ரசிகர்கள். உலர்ந்த தார்ச்சாலையில் சாதாரண டயர் தன் உச்சப் பிடிப்பைத் தருவது, அது பார்க்கும் திசைக்கும் போகும் திசைக்கும் இடையே பத்து டிகிரிக்கு உட்பட்ட சிறு கோணம் இருக்கும்போது. கோணம் அதைத் தாண்டி முப்பது, நாற்பது என்று விரிந்தால் பிடிப்பு குறைகிறது, ஆற்றல் ரப்பரைத் தேய்ப்பதிலும் சூடாக்குவதிலும் வீணாகிறது. எனவே பெரிய கோணச் சறுக்கல் பொதுவாக நேரத்தைத் தின்னும். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது காரின் சுமை முன்னோக்கிச் சாய்ந்து பின்சக்கரங்கள் இலேசாகிவிடும். அதைப் பயன்படுத்திக் காரின் மூக்கைச் சட்டென்று வளைவுக்குள் திருப்புவது மிகக் குறுகிய கொண்டை ஊசியில் பயன் தரும் உத்தி. அதன் பலன் அந்த ஒரு கணத்தோடு சரி. ‘கைடோ பேட்டில்’ இந்த வேறுபாட்டை அமைப்பிலேயே காட்டியிருப்பது பாராட்டத்தக்கது. பகலில் சறுக்கல் அழகுக்குப் புள்ளி தரும் போட்டிகள். இரவில் எதிராளியோடு நேருக்கு நேர் ஓட்டம். கண்ணுக்கு விருந்தாவதும் கடிகாரத்தை வெல்வதும் வேறு வேறு கலைகள் என்று இரண்டையும் தனித்தனியே வைத்தது நேர்மையான இயற்பியல்.

விளையாட்டில் ஓடுவது மெய்யான காரே இல்லையே, யாரோ எழுதிய நிரல்தானே, அதை எப்படிச் சான்றாக எடுப்பது என்பது மிக நியாயமான கேள்வி. கார் விளையாட்டுகள் பொதுவாகக் காலத்தைச் சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் விசைகளைக் கூட்டி அடுத்த இடத்தைக் கணக்கிடுகின்றன. விநாடிக்கு அறுபது துண்டு என்றால், மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஒரு துண்டுக்குள் கார் 42 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். அதற்குள் டயரில் நடக்கும் நுட்பமான அதிர்வுகளை நிரல் தவறவிடும். ரப்பரின் நடத்தைக்கு அனுபவ அளவீடுகளிலிருந்து பெற்ற சமன்பாடுகளையே தேர்ந்த நிரல்களும் நம்பியிருக்கின்றன. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் பசேக்கா உருவாக்கிய டயர் சமன்பாடு இவற்றில் பெயர் பெற்றது. விளையாடுவோரைச் சலிப்படையச் செய்யக்கூடாது என்று பல விளையாட்டுகள் பிரேக் சூட்டை முற்றிலும் விட்டுவிடுகின்றன. இத்தனையும் உண்மைதான். ஆனால் இங்கே நான் வைக்கும் வாதம் டயரின் நுட்பத்தில் தொங்கவில்லை. வளைவு வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு, திறன் ஆற்றலாகச் சேர நேரம் பிடிக்கும், சேர்ந்த ஆற்றலைக் கரைத்தாக வேண்டும் என்ற மூன்றே விதிகளில் அது நிற்கிறது. இந்த மூன்றையும் மீறும் நிரல் கார் ஓட்டுவது போலவே தோன்றாது. விளையாடுபவரே தூக்கிப் போட்டுவிடுவார். பிரேக் சூட்டை விட்டுவிடும் விளையாட்டு திறன் மிக்க காருக்குச் சலுகை காட்டுகிறது என்றுதான் அர்த்தம். அந்தச் சலுகையோடும் இறக்கத்தில் அதன் முன்னிலை சுருங்குகிறது என்றால், வாதம் இன்னும் பலம் பெறுகிறது.

கடைசியாக ஓர் அறக் கேள்வி. பொதுச் சாலையில் நடந்த சட்டவிரோதப் பந்தயத்தை விளையாட்டாக்கிக் கொண்டாடலாமா? ஜப்பான் இந்தப் பந்தயங்களால் உயிர்களை இழந்த நாடு. கூட்டமாக ஆபத்தான முறையில் வண்டி ஓட்டுவதை 1978இல் சாலைச் சட்டத் திருத்தத்தின் மூலம் குற்றமாக்கியது. ஹருனா உள்ளிட்ட மலைப்பாதைகளில் வேகத்தைக் குறைக்கச் சாலையின் குறுக்கே மேடுகள் அமைக்கப்பட்டன. இந்தக் கவலையை நான் முழுமையாக ஏற்கிறேன். மெய்யான மலையில் தவறுக்கு விலை உயிர், அதுவும் பெரும்பாலும் எதிரே வந்த அப்பாவியின் உயிர். ஆனால் மேலே பார்த்த இயற்பியலே இந்தப் பந்தயத்தின் இடம் எது என்பதையும் சொல்லிவிடுகிறது. திரவம் எப்போது கொதிக்கும், பின்சக்கரம் எப்போது பிடிப்பை இழக்கும் என்ற எல்லைகளைத் தொட்டுப் பார்த்தால்தான் அவை எங்கே இருக்கின்றன என்று தெரியும். தொட்டுப் பார்த்தவர் மீண்டு வர வேண்டுமானால் அது திரைக்குள் நடக்க வேண்டும். அங்கே கற்ற பாடம் சாதாரண ஓட்டுநருக்கும் உதவும். இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே நம்பி வருபவர் தன் காரின் நிலை ஆற்றல் முழுவதையும் நான்கு டிஸ்குகளில் கொட்டுகிறார். 440 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் ஓராயிரம் கிலோ கார் இழக்க வேண்டிய ஆற்றல் 43 லட்சம் ஜூல். கீழ் கியரில் வந்தால் இதில் கணிசமான பங்கை இன்ஜின் வாங்கிக்கொள்ளும். மலைச்சாலைகளில் கியரைக் குறைக்கச் சொல்லும் அறிவிப்புப் பலகைக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

ஆகவே ‘இனிஷியல் டி’ கதை முழுக் கற்பனையும் இல்லை, முழு உண்மையும் இல்லை. சம திறமையுள்ள இருவர் ஓட்டினால் ஜிடி-ஆர் தன் நான்கு சக்கரப் பிடிப்பால் இறக்கத்திலும் முதலில் வரவே வாய்ப்பு அதிகம். ஆனால் அந்த முன்னிலை சில விநாடிகளாகச் சுருங்கிவிட்டதால், ஒரு வளைவில் தாமதமாகப் பிடித்த பிரேக்கும், பாதி வழியில் சூடேறிய பேடும், சாலையை அறிந்த ஓட்டுநரின் கையும் அதைப் புரட்டிப் போட முடியும். சமதளத்தில் நடக்கவே முடியாத தோல்வி, மலையில் நடக்கக்கூடியதாகிறது. விற்பனை ஏடுகள் குதிரைத்திறனைக் கொட்டை எழுத்தில் அச்சிடுகின்றன. எந்தச் சாலையில் அந்தத் திறன் எவ்வளவு செல்லும் என்று ஒருபோதும் சொல்வதில்லை. நான்கு மலைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சிறிய விளையாட்டு அந்தக் குறையை நிரப்பியது. பள்ளி இயற்பியல் வகுப்பில் உராய்வையும் ஆற்றல் அழியாமையையும் சாய்தளத்தில் மரக்கட்டையை வைத்துக் கற்பிக்கிறோம். அதே விதிகளை இப்படிப்பட்ட ஒரு விளையாட்டில், ஒரே காரை மேலேயும் கீழேயும் ஓட்டவிட்டு, எடையை மாற்றி, திறனை மாற்றி, நேரத்தைக் குறித்துக்கொண்டு மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு பொருளின் தகுதியை அது இயங்கும் சூழலிலிருந்து பிரித்து அளக்க முடியாது என்பது அறிவியலின் ஆழமான பாடங்களில் ஒன்று. அதை அவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. தங்கள் கையால் அளந்த எண்களிலிருந்தே பெறுவார்கள்.